வெள்ளிக்கிழமை திறக்காத அச்சகம்

வியாழன் இரவு.

எங்கள் அச்சகத்தில் போன மாதத்திலிருந்து வாரத்துக்கு நான்கு நாள்தான் வேலை. சம்பளத்தை முதலாளியம்மா குறைக்கவில்லை.

இன்று சாயங்காலம் பட்டாசுப் பெட்டி அட்டைக்குப் பெரிய ஆர்டரோடு ஒரு ஏஜெண்ட் வந்தார். "நாளைக்கே மிஷின் ஓடணும். இல்லன்னா வேற கம்பெனி பாத்துக்கிடுதேன்" என்றார். நான் உடனே ஆட்களைக் கூப்பிடக் கிளம்பினேன். முதலாளியம்மா தடுத்துவிட்டார்.

"திங்கக்கிழமை காலையில முதல் வேலையா ஓட்டித் தாரோம். நாளைக்கு லீவுங்க."

ஏஜெண்ட் போய்விட்டார். ஆர்டரும் போனது. சீசன் நேரத்தில் ஒரு ஆர்டரை இப்படி விட்டு நான் பார்த்ததில்லை.

"ஒரு தடவை திறந்திருக்கலாமேம்மா" என்றேன்.

"ஒரு தடவை திறந்துட்டா, அப்புறம் எந்த வெள்ளிக்கிழமையும் நம்ம ஆளுகளுக்கு நிம்மதியா இருக்காதுண்ணே. எப்பக் கூப்பிடுவாகளோன்னே இருப்பாக."

சொல்லிவிட்டு அவரே ஷட்டரை இறக்கினார். பூட்டை இழுத்துப் பார்த்தார், கொஞ்சம் நின்று மறுபடியும் இழுத்துப் பார்த்தார். அவருக்கும் பயம்தான். இருந்தும் சொன்ன சொல்லில் நின்றார். எனக்கு அந்தத் தைரியம் இருந்திருக்காது.

தீபாவளி வரை இது தாங்குமா, தெரியவில்லை.

நாளை இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகிறோம். என் மனைவி சேலையைத் தேய்த்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். நாளைக்கு வேலை என்று இவளிடம் எப்படிச் சொல்லியிருப்பேன்.