ரயில் பாட்டின் சுருதி

ராயபுரம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள பிலோமிக்கு,

பாஸ்கல் எழுதுகிறேன். இங்கே நான் சுகம். ஆஸ்பத்திரி வேலையும் மஸ்கட் வெயிலும் உன்னைப் படுத்தக் கூடாதென்று அந்தோணியாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் நீ "சாப்பிட்டியா" என்கிறாய், நான் "ம்" என்கிறேன், அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். புருஷன் கடிதம் எழுதுகிறான் என்று நர்ஸுகளிடம் காட்டிச் சிரிக்காதே.

மாடியில் நீ வைத்த கறிவேப்பிலை என் கவனிப்பிலும் சாகவில்லை. கன்டெய்னர் லாரித் தூசியில் நிறம்தான் மாறிவிட்டது.

நாம் சேர்ந்து போன கச்சேரிக் குழுவை விட்டுவிட்டேன். நீ போன பிறகு வந்த பாடகிகளுக்கெல்லாம் கீபோர்டில் பட்டனைத் தட்டிச் சுருதியை மாற்றி மாற்றி அலுத்துவிட்டது. இப்போது கிட்டாரோடு நானே பாட்டெழுதி நானே பாடுகிறேன். மேடை ஓரத்தில் குனிந்தே கிடந்தவனா என்று கேட்பாய். எனக்கும் அதே சந்தேகம்தான்.

போன வாரம் கோயில் திருவிழாவில் முதல் தடவையாகத் தனியாக நின்றேன், நீ நின்று பாடுகிற இடத்தில். முன்னால் கீபோர்டு இல்லாமல் தொப்பையை எங்கே ஒளிப்பது என்றே தெரியவில்லை. பாட்டு நம் ஸ்டேஷனைப் பற்றியது. "ராயபுரத்துல ரயில் நிக்குது, நீ மட்டும் எறங்கல" என்று தொடங்கும். பல்லவியை எப்படியோ தாண்டிவிட்டேன். சரணத்தில் மேலே போன இடத்தில் குரல் கிழிந்துவிட்டது. பையன்கள் விசில் அடித்தார்கள். பாதித் தொண்டையில் முடித்து இறங்கினேன்.

நம் டிரம்ஸ் துரை டீ வாங்கிக் கொடுத்து, "இன்னா மாமு, அக்கா சுருதிலயே பாடிகினு கீற? உன் தொண்டை அங்க எட்டுமா? கீழ எறக்கு, செட்டாயிடும்" என்றான். வீட்டுக்கு வந்து கீபோர்டில் வைத்துப் பார்த்தேன். கைப்பழக்கத்தில் அத்தனை பாட்டையும் உன் சுருதியில்தான் போட்டிருக்கிறேன். ஊரார் சுருதியெல்லாம் தெரிந்தவனுக்குத் தன் சுருதி தெரியவில்லை, பார்.

இறக்கிப் பாடினேன். குரல் தாராளமாக வருகிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் உன் குரலுக்கு அது ரொம்பக் கீழே. நீ வந்தால் சேர்ந்து பாட முடியாது.

அடையாறில் ஒரு காபிக் கடையில் அடுத்த மாதம் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். சொந்தப் பாட்டு மட்டும்தானாம். உன் வேலை ஒப்பந்தமும் அடுத்த மாதம்தான் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போடுவாயா என்றதற்கு "பார்ப்போம்" என்றாய். அதற்குமேல் கேட்க எனக்குப் பயம். இந்த வீட்டில் தனியாக இருப்பது எனக்குப் பழகவே இல்லை, பிலோமி.

மற்ற பாட்டையெல்லாம் இறக்கிவிட்டேன். ரயில் பாட்டை மட்டும் இன்னும் தொடவில்லை. இறக்கிவிடவா, அப்படியே வைத்திருக்கவா? ஒரு வரி எழுது, போதும். நீ சொல்கிறபடி செய்கிறேன். மாதா உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன்
பாஸ்கல்