மூன்று சுற்று தூரம்

அக்கா,

இன்று காலை என் மகள் விமானப் பயண அட்டவணை ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். "அலோர்ஸ்டார்லருந்து பினாங்குக்கு நேரா பறந்தா நூறு கிலோமீட்டர்கூட வராது லா, ம்மா. ஏறி உக்காந்தா எறங்க வேண்டியதுதான்" என்றாள். அதிலிருந்த வரைபடத்தில் அலோர்ஸ்டாரிலிருந்து விரலைக் கீழே இறக்கினேன். சுங்கை பட்டாணி வந்தது. அதற்குமேல் விரல் நகரவில்லை.

ஜப்பான்காரன் காலத்தில், ரப்பர் தோட்டத்தில் அடுத்தடுத்த லயத்து வீடுகளில் இருந்த நம் இருவரையும் லாரியில் ஏற்றி, அங்கே விமானத் திடலில் குண்டு விழுந்த குழிகளுக்குக் கல் நிரப்ப வைத்தார்கள். அலோர்ஸ்டாரில் விமானம் கிளம்பியதும் தொலைபேசி அடிக்கும்; சிவப்புக் கொடி ஏறும். நாம் ஓடுபாதையை விட்டு ஓரத்துப் பள்ளத்தில் குனிந்திருக்க வேண்டும். உங்கள் கைக்குழந்தையோ ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், ரப்பர் மரத்துத் தூளியில் பாலுக்குக் கத்திக்கொண்டிருக்கும்.

கடிகாரம் யாரிடம் இருந்தது? கொடி ஏறியது முதல் விமானம் வரும்வரை நான் முருகன் பெயரை விரல்விட்டு எண்ணினேன். நூற்றெட்டு ஒரு சுற்று. எந்த நாளும் மூன்று சுற்றுதான். "ஏண்டி, உன் முருகன் இங்க கணக்கெழுதுற கிராணி வேல பாக்குறாரா?" என்று சிரித்தீர்கள். ஆனால் அன்றிலிருந்து கொடி ஏறியதும் குழந்தையிடம் ஓடினீர்கள். இரண்டு சுற்று முடிந்ததும் நான் தலைத்துண்டை உதறுவேன். மூன்றாவது முடிவதற்குள் திரும்பிவிடுவீர்கள்.

ஒருநாள், இரண்டாவது சுற்றின் பாதியில், என் உதடு அசைவதைக் காவல்காரன் பார்த்துவிட்டான். துப்பாக்கிக் கட்டையால் வாயில் இடித்தான். இரண்டு பல் மண்ணில் விழுந்தன. எண்ணிக்கை அறுந்தது. அறுந்த ஜபத்தை முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். வாயில் ரத்தத்தோடு நான் ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

துண்டை உதறுமுன்னே விமானம் வந்துவிட்டது. இரைச்சல் கேட்டு நீங்களாகவே ஓடிவந்தீர்கள். ஓடுபாதையின் நடுவில் அகப்பட்டீர்கள். சக்கரம் உங்கள் தலையை உரசுவதுபோல் விமானம் மேலெழும்பி, ஒரு வட்டமடித்து இறங்கியது.

உடைத்த கல்லின்மேல் உங்களை மண்டியிட வைத்தார்கள். முழங்காலுக்குப் பின்னால் மூங்கிலைக் கொடுத்து இரண்டு பேர் ஏறி மிதித்தார்கள். எலும்பு முறிந்தது பள்ளத்தில் இருந்த எங்களுக்குக் கேட்டது. அவர்கள் பேச்சை நமக்குத் தமிழில் சொல்பவன் குனிந்து கேட்டான்: "யாரு நேரம் சொன்னது? சொல்லிரு."

"யாரும் சொல்லல. நாந்தான் எண்ணுனேன். படிக்காதவ, தப்பா எண்ணிட்டேன்."

மறுபடி மிதித்தார்கள். மறுபடியும் அதையே சொன்னீர்கள். நான் எழவில்லை, அக்கா. கூப்பிடு தூரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் லாரியில் உங்கள் தலை என் மடியில் இருந்தது. "தப்பு என்னுதுக்கா" என்றேன்.

"பேசாத லா, ரத்தம் வருது. புள்ளைக்கு வயிறு நெறஞ்சிருச்சு."

அந்தக் கால் பிறகு மடங்கவே இல்லை. போன மாதம் கடைசியாக உங்களைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோதும் கோணலாகத்தான் கிடந்தது.

நான் இன்றும் ஜபம் செய்கிறேன். நடுவில் யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை அறுந்துபோகிறது. முதலுக்குப் போவதில்லை, அறுந்த இடத்திலிருந்தே தொடர்கிறேன். குறைவதை முருகன் என் பெயரில் எழுதிக்கொள்ளட்டும்.