மரக்காணம் மன்னன் என்னும் பீர்க்கை

ஆகஸ்ட் 4, சனி

வெயில். மேகம் ஒன்று வந்தது. உப்பளத்தைப் பார்த்தது. கண் கூசித் திரும்பிப் போய்விட்டது.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: இன்று முற்பகல் பதினொன்றரை மணிக்குத் தபால்காரர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். இடது காலை ஊன்றினார். தும்மினார். உறை ஒன்றை நீட்டினார். உள்ளே பீர்க்கை விதை பதினொன்று. பொதுமக்கள் அமைதி காக்கவும்.

உறை மேல்: திரு. செல்வநாயகம் அவர்கள். இந்த ஊரில் என்னை ‘அவர்கள்’ என்பது தபால் உறை மட்டும். அம்மாவுக்குச் செல்வம். பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பு, கடைசி பெஞ்சு. அப்பா வாயில் ‘அது’. (“அது எங்க தொலஞ்சுது?”)

அனுப்பியவர் தணிகாசலம், ஆரணிப் பக்கம் தையல்காரர். விதையைக் காகிதத்தில் மடிக்கவில்லை. ரவிக்கைத் துண்டில் கட்டைவிரல் அளவு பை தைத்து, வாயை நூலால் சுருக்கியிருக்கிறார். கூடவே சீட்டு: ‘எங்கள் வீட்டுப் பீர்க்கை. என் மனைவி கல்யாணமாகி வரும்போது முந்தானையில் முடிந்து வந்த விதை. பிஞ்சில் நார் இருக்காது.’

விதைத் தோழர் வட்டம், மறக்காமல் இருக்க:
1. மொத்தம் 14 பேர். 14 ஊர்.
2. செயலாளர் சேலத்து டீச்சரம்மா (இனி டீ.அம்மா). மாதம் ஒரு சைக்ளோஸ்டைல் தாள். யாரிடம் என்ன விதை, யாருக்கு என்ன தேவை.
3. தை கடைசிக்குள் சொந்தத் தோட்டத்து விதை ஒன்றாவது அனுப்பாவிட்டால் பெயர் அடிக்கப்படும். முளைக்காத விதை கணக்கில் வராது.

மூன்றாவதுதான் தலைவலி. சேர்ந்தது போன மாசி. இதுவரை வாங்கியது கத்தரி, மிளகாய், வெண்டை. கொடுத்தது சவுக்குத் தோப்பில் பொறுக்கிய சவுக்கு விதை. டீ.அம்மா உடனே கேட்டார்: ‘தோப்பு தங்களுடையதா?’ இல்லை. சர்க்காருடையது.

சேரும்போது நான் எழுதியது: ‘கடலோரம் இருபது ஏக்கர் பாத்தி எங்கள் மேற்பார்வையில்.’ பொய் ஒரு எழுத்து கிடையாது. அப்பா உப்பள மேஸ்திரி. உப்புக்கும் பாத்திதான். என்ன விளைகிறது என்று மற்ற பதிமூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

பெயர் அடிபட்டால் ‘அவர்கள்’ போச்சு. அப்புறம் ஆயுசுக்கும் ‘அது’.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

வெயில், வெயில், வெயில்.

இன்றைய சாதனை. பின்கட்டில் ஒரே குயவர் செய்த ஒரே உயரப் பானை ரெண்டு. ஒன்றில் நல்ல தண்ணீர், தெருமுனைக் கிணற்றிலிருந்து தங்கச்சி வசந்தா சுமந்து வருவது, குடிக்க, சமைக்க. மற்றதில் எங்கள் கிணற்று உப்புத் தண்ணீர், பாத்திரம் கழுவ. நல்ல தண்ணீருக்கு அடையாளம் கழுத்தில் சிவப்புத் துணி.

துணியை அவிழ்த்து உப்புப் பானைக்குக் கட்டினேன். குப்பத்து மணி பந்து விளையாடிவிட்டு நாக்குத் தள்ள வந்தான். சிவப்புத் துணியைப் பார்த்தான். ஒரு சொம்பு, ஒரே மடக்கு.

“டேய்! கடல்ல உழுந்தப்பகூட இவ்ளோ குடிச்சதில்லடா!”

துப்பினான், துரத்தினான், நான் கோழிக்கூண்டு மேல். வசந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா அடுப்படியிலிருந்து: “துணிய இருந்த எடத்துல கட்டுடா, தடிமாடு.” சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. மாற்றிக் கட்டினேன். தாய் சொல் தட்டாத தனயன்.

ஆகஸ்ட் 6, திங்கள்

விதைப்பு விழா. மீன் பெட்டி ஒன்று (உபயம் மணி, என்னைத் துரத்தியதற்குத் தண்டனையாக வசூலித்தது). அனுமந்தைப் பக்கம் வயலிலிருந்து சைக்கிளில் இரண்டு மூட்டை நல்ல மண். ஆறு பீர்க்கை, ஒரு வரிசை கத்தரி, ஒரு வரிசை மிளகாய். மீதி ஐந்து பீர்க்கை பையில் பத்திரம்.

தண்ணீர் ஒப்பந்தம் அம்மாவோடு: சிவப்புத் துணிப் பானையிலிருந்து தினம் ரெண்டு சொம்பு. மேலே ஒரு சொட்டு கிடையாது.

அப்பா வந்தார், பார்த்தார், மீசையைத் தடவினார். “உப்பளத்துல பொறந்துட்டு தோட்டம் போடுதாம். இது மொளச்சா நான் மீசைய எடுத்துடறேன்.”

தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 15, புதன்

கொடியேற்றம். மிட்டாய் இரண்டு (ஒன்று என் பங்கு). முளை: சைபர்.

குயிலாப்பாளையம் பக்கம் வெள்ளைக்காரர்கள் பொட்டலில் குழி வெட்டி மரம் நடுகிறார்கள் என்று மணியிடம் சொன்னேன். அங்கே முளைத்தால் இங்கே முளைக்காதா?

“வெள்ளக்காரன் நட்டா ஜீப்புல வந்து பார்க்கறாங்க. நீ நட்டா ஆடுகூட வரலியேடா.”

துணி கட்டிய பானை வெளியே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இந்த வீட்டில் பூத்தது அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 25, சனி

பத்தொன்பது நாள். முப்பத்தெட்டு சொம்பு. ஒன்றும் இல்லை. கிளறிப் பார்த்தேன், விதை கூழ். கத்தரி, மிளகாய் இருந்த சுவடே இல்லை.

கோபம். மீதி ஐந்து பீர்க்கையையும் அடுப்படிக் கதவு வழியாக வீசி எறிந்தேன். பை மட்டும் அழகாக இருந்ததால் வைத்துக்கொண்டேன். கோலி வைக்க.

பிறகு உட்கார்ந்து, நாக்கைத் துருத்தி, நல்ல கையெழுத்தில் தையல்காரருக்கு ஒரு கார்டு:

‘ஐயா, தாங்கள் அனுப்பியவை விதையா, பொத்தானா? பொத்தான் என்றால் ஓட்டையையும் சேர்த்து அனுப்பவும்.’

நகல் சேலத்துக்கு. படிக்கப் படிக்க எனக்கே சிரிப்பு. மணிக்குப் படித்துக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. “அந்தாளு இன்னா பண்ணாரு உன்னிய?” மணிக்கு நகைச்சுவை போதாது.

செப்டம்பர் 4, செவ்வாய்

லேசான தூறல். உப்பு அள்ளுகிறவர்கள் வானத்தைத் திட்டினார்கள்.

தையல்காரர் பதில்: ‘மதிப்பிற்குரிய செல்வநாயகம் அவர்களுக்கு. தங்கள் கார்டு கண்டேன். இருபத்திரண்டு வருஷமாகத் தவறாமல் முளைத்த விதை. இந்த வருஷம் என்ன ஆயிற்றோ தெரியவில்லை. மற்றவர்களையும் ஏமாற்றியதாக ஆகிவிடக் கூடாது. ஆகவே இந்த ஆண்டு யாருக்கும் அனுப்பவில்லை. மன்னிக்கவும்.’

ஜெயித்துவிட்டேன். கொஞ்சம் அதிகமாகவே ஜெயித்துவிட்டேன் போல.

செப்டம்பர் 9, ஞாயிறு

!!!

அடுப்படிக் கதவுக்கு வெளியே, அம்மா அரிசி கழுவின தண்ணீர் ஊற்றுகிற இடத்தில், மூன்று செடி. நாலைந்து இலை, கூடவே பற்றிக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று துழாவும் சுருள் கம்பி. பீர்க்கை!

அம்மா: “பத்து நாளா நிக்குது. உனுக்கு இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா?”

எங்கிருந்து வந்தது? காக்கை போட்டிருக்கலாம். காற்று கொண்டு வந்திருக்கலாம். இதில் ஆராய்ச்சி தேவையில்லை. விதையிடம் யாரும் விலாசம் கேட்பதில்லை.

சொம்போடு ஓடினேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள். “நீ ஊத்தின பெட்டி இன்னா ஆச்சுன்னு பார்த்தேனே. இத நீ தொடக் கூடாது. கழுநீர் போதும், நான் பார்த்துக்கறேன்.”

ஆக, நீர்வளத் துறை அம்மா. மற்ற துறைகள் என் வசம்.

அப்பாவிடம் மீசை விஷயத்தை நினைவூட்டினேன். “அந்தப் பொட்டியில மொளச்சாதான்னு சொன்னேன். இது பொட்டியா?”

செப்டம்பர் 30, ஞாயிறு

பந்தல் எழுந்தது! சவுக்குக் கொம்பு ஆறு. மேலே மணியின் அப்பா ஒதுக்கிப் போட்ட கிழிந்த வலை. கொடி ஏறின வேகத்தைப் பார்த்தால் கொடியா, குரங்கா என்று சந்தேகம்.

தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். “இன்னாப்பா, பீர்க்கங்காயப் புடிக்க வல போட்டுக்கினியா?” கேட்டவர் உப்பு வண்டிக்காரர். “ஆமாங்க, திமிங்கலம் தப்பிச்சிட்டுது, இது மாட்டிக்கிச்சு” என்றேன்.

அக்டோபர் 17, புதன்

சாயங்காலம் ஐந்தரைக்கு முதல் பூ. மஞ்சள். பீர்க்கை மாலையில்தான் பூக்கும் போல. என்னைப் போல, காலையில் எழும் பழக்கம் இல்லை.

அப்பா உப்பளத்தில் அம்பாரங்களுக்கு ஓலை வேய்கிறார், மழைக்கு முன். வீட்டுக்கு வந்து பந்தலடியில் நின்றார். அண்ணாந்து பூவைப் பார்த்தார். தலை வலையில் இடித்தது. குனிந்துகொண்டு மறுபடி பார்த்தார்.

நவம்பர் 4, ஞாயிறு

மழை. முதல் காய் அறுவடை. ஒரு முழம், நாலு விரல்.

பருப்பு போட்டுக் கூட்டு. தோலில் துவையல். நார்? தேடினேன். கிடைக்கவில்லை. அப்பா இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார். “இது எங்கத்தி வெத?” என்றார். ‘இது’ காயைத்தான். இருந்தாலும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“நம்ம ஊரு வெதப்பா.”

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் கூட்டைப் பார்த்தேன்.

பெயர் சூட்டியாகிவிட்டது: மரக்காணம் மன்னன். பீற்றிக்கொள்ளவென்றே பிறந்த பீர்க்கை.

டிசம்பர் 9, ஞாயிறு

விதைக்கு விட்ட இரண்டு காய்களும் முற்றிவிட்டன. மழையில் அழுகாமலிருக்க அடுப்புக்கு மேல் தொங்கவிட்டோம். புகையில் காய்ந்து, ஆட்டினால் கலகல. உடைத்தோம். கறுப்பு விதை, பொறுக்கி எடுத்தது நூற்று அறுபது. வசந்தா எண்ணினாள். மணி எண்ணினான். இரண்டு பேர் கணக்கும் ஒத்து வந்தது, அதுவே அதிசயம்.

பன்னிரண்டு உறை. உறைக்குப் பத்து விதை. ஒவ்வொன்றிலும் சீட்டு: ‘மரக்காணம் மன்னன். எங்கள் பரம்பரை விதை. உப்புக் காற்றுக்கு அஞ்சாதது. நார் இல்லை.’

வட்டத்தில் என்னைத் தவிரப் பதிமூன்று பேர். பன்னிரண்டு உறைதான் போட்டேன். ஆரணிக்கு இல்லை. அவர்தான் இந்த ஆண்டு ஒதுங்கியிருக்கிறாரே.

ஜனவரி 12, சனி

வட்டத் தாள் வந்தது! டீ.அம்மா எழுதியது அப்படியே:

‘இவ்வாண்டின் சிறந்த வரவு: மரக்காணம் திரு. செல்வநாயகம் அவர்களின் பீர்க்கை. உவர் நிலத்தில் இதைச் சாதித்த பெரியவரின் பொறுமைக்கு நம் வணக்கம்.’

பெரியவர்! வணக்கம்! மணி தெருவில் என் முன்னால் கை கட்டி நின்றான். “பெரியவரே, சைக்கிள் டயருக்குக் காத்து அடிச்சுத் தர்றீங்களா?” அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கண்ணாடி முன் போய் மீசையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். எடுக்கவில்லை. ஆனால் பார்த்தார்! எதிரி அஞ்சினான்!

தாளைத் திருப்பினால் பின்பக்கம் ஒரே ஒரு வரி: ‘தை முடிவதற்குள் விதை வராவிட்டால் நீக்கப்படும் பெயர்: ஆரணி தணிகாசலம்.’

முன்பக்கத்தை மறுபடி படித்தேன். முன்பக்கம் நன்றாக இருக்கிறது.

ஜனவரி 13, ஞாயிறு. போகி

பனி. ஊரெல்லாம் புகை.

பழைய பானைகளைக் கழித்தோம். அம்மா புதுசு இரண்டு வாங்கி வந்தாள். நல்ல தண்ணீர்ப் பானைக்குக் கட்ட, பழசிலிருந்து சிவப்புத் துணியை அவிழ்த்தேன். வசந்தா, “ஏண்ணா, உப்புப் பானைத் துணிய எதுக்கு அவுக்கற?” என்றாள்.

“உப்புப் பானையா?”

“ஆகஸ்ட்லேர்ந்து துணி அதுலதான இருக்குது. மணியண்ணன் துப்பினானே, அப்பவே நான் சரியா மாத்திக் கட்டிட்டேன். நீ சாயங்காலம் வந்து மறுபடியும் மாத்தின. வெளையாடறன்னு உட்டுட்டோம்.”

“அப்ப நீங்கள்லாம் எப்பிடிக் கண்டுபுடிச்சீங்க?”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “துணி வர்றவன் போறவனுக்குத்தான்டா. உப்புத் தண்ணி இருந்தா பானை வெளிய வெள்ளையா பூக்குமே. உப்பள மேஸ்திரி புள்ளைக்கு இது தெரியாதா?”

தெரியாது. பூத்ததைப் பார்த்து அழகு என்று நினைத்தேன்.

அப்பாவுக்கும் எனக்கும் குடிக்க மொண்டு தருவது வசந்தா. வீட்டுக்கு வருகிறவன் மணி ஒருவன்தான். அவன் அன்றைக்குப் பிறகு இங்கே தண்ணீரே குடிப்பதில்லை. சிவப்புத் துணியை நம்பின ஒரே ஆள் நான். முப்பத்தெட்டு சொம்பு. என் கையால்.

மத்தியானம் கோலிகளை எடுத்துவிட்டு அந்த ரவிக்கைத் துணிப் பையை உதறினேன். மன்னன் விதை மிச்சம் நாற்பது. பதினொன்று எண்ணி அதில் போட்டு நூலைச் சுருக்கினேன்.

சேலத்துக்கு: ‘பீர்க்கை விதையைத் தணிகாசலம் அவர்கள் பெயரில் எழுதிக்கொள்ளவும். அடிப்பதாக இருந்தால் என் பெயரை அடிக்கலாம். பெரியவர் என்பதையும்.’

ஆரணிக்குக் கார்டு மூன்று கிழித்து, நாலாவதில்:

‘ஐயா, உங்கள் விதையில் ஒரு கோளாறும் இல்லை. நான் அதற்கு உப்புத் தண்ணீர் ஊற்றினேன். பொத்தான் என்று எழுதியதற்கு மன்னிக்கவும். எனக்கு வயது பதினாறு. இருபது ஏக்கரிலும் உப்பு. மரக்காணம் மன்னன் உங்கள் வீட்டுப் பீர்க்கைதான், கோபத்தில் நான் வீசி எறிந்தது. காக்கை போடவில்லை, அது எனக்கு அன்றைக்கே தெரியும். வளர்த்தது என் அம்மா. பந்தல் மட்டும் நான் போட்டது.’

படித்துப் பார்த்தேன். கடைசி வரியை அடித்தேன். பந்தல் முடிச்செல்லாம் மணி போட்டது.