ஒரு சாமத் தண்ணீர்

22 மார்ச் 1933, புதன், இரவு

என் தம்பி மகள் அஞ்சலையின் நெல்லுக்கு உரிய தண்ணீரைப் பறித்துவிட்டார்கள். பாகூர் ஏரியிலிருந்து அவள் வயலுக்கு முறைக்கு ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம், மடை திறக்க வேண்டும். பிரெஞ்சுத் துரைக்காக உத்தரவை மொழிபெயர்த்து எழுதிய துபாஷ் அதை ஒரு மணி நேரம் ஆக்கிவிட்டான்.

"தண்ணி என் வரப்பத் தொடறதுக்குள்ள மடைய அடைச்சிடறாங்க பெரியப்பா" என்று காலையில் வந்து அழுதாள். கதிர் பால் பிடிக்கும் சமயம்.

நேரே துபாஷிடம் போனேன்.

"சாமத்துக்கு அவங்க பாஷையில வார்த்தை இல்ல பெரியவரே. அதுக்குக் கிட்ட வர்ற வார்த்தையா ஒரு மணி நேரம்னு போட்டேன்" என்றான்.

"வார்த்தை இல்லன்னா பயிர் பட்டினி கெடக்கணுமா? இன்னாடா நியாயம் இது?"

அவன் முகம் வாடிவிட்டது. பட்டணத்துப் பிள்ளை, வயலில் கால் வைக்காதவன். கெட்டவன் இல்லை. "என்ன எழுதறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றான்.

"மூணு மணி நேரம்னு எழுது. பக்கத்துல சாமம்னும் எழுது. அவங்க பாஷைய நான் யார் தயவும் இல்லாம கத்துக்கிட்டேன். நம்ம வார்த்தை ஒண்ண அவங்க கத்துக்கட்டும்."

நாளை துபாஷ் புதுத் தாளைத் துரையிடம் வைக்க வேண்டும். கையெழுத்து விழும்வரை நான் துரை வாசலை விட்டு நகரக் கூடாது. அஞ்சலை மடைக்காரனோடு சண்டைக்குப் போகக் கூடாது. அதுவரை என் முறைத் தண்ணீரை என் மகன் அவள் வயலுக்குத் திருப்ப வேண்டும். முணுமுணுப்பான். முணுமுணுத்துக்கொண்டே திருப்பட்டும்.