மெத்தைக் கடைக்கு மேலே எங்கள் ஜன்னல்

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நல்ல உடம்போடும் சிரிப்போடும் இருக்க வேண்டும். உறையின் பின்னால் முகவரி மாறியிருப்பதைப் பார்த்துப் பதறியிருப்பாய். முதலில் உட்கார், தண்ணீர் குடி, பிறகு திட்டு.

நாங்கள் வீட்டைக் காலி செய்து எட்டு மாதம் ஆகிறது. கடைவீதிக்கு யாரும் வருவதில்லை, வியாபாரம் படுத்துவிட்டது, வீடு கடை இரண்டையும் வைத்துச் சமாளிக்க முடியாமல் மெத்தைக் கடையின் மாடிக்கே குடிவந்துவிட்டோம். வீடியோவில் பேசும்போது பின்னால் என்ன அட்டைப்பெட்டி என்று நீ கேட்டாய், ஒட்டடை அடிக்கிறோம் என்று அப்பா புளுகினார், எட்டு மாதமாக யாராவது ஒட்டடை அடிப்பார்களா? உன்னிடம் மறைத்தது தப்புதான். ஆனால் கடைவீதி வியாபாரத்துக்கு மட்டும், மாடியில் சரக்கு இருக்கலாம், மனிதர் குடியிருக்கக் கூடாது என்பது நகராட்சி விதி. மாட்டினால் கடைக்குப் பூட்டு, எங்களுக்குப் போக்கிடம் கிடையாது. அதனால் சாயங்காலமானால் ஜன்னலை அட்டையால் மறைத்துவிட்டுப் பூனை மாதிரி நடமாடினோம். அப்படியும் ஒருநாள் காலையில் நகராட்சி ஆய்வாளர் திடுதிப்பென்று படியேறி வந்துவிட்டார். உன் அப்பா போர்வைக்குள் இருந்தபடியே, சரக்கைச் சோதிச்சுப் பாக்கறேன் சார், முதுகுக்கு எப்படி இருக்குன்னு என்றார். பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு நின்ற நான் எந்தச் சரக்கைச் சோதிக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

போன வாரம் நகராட்சி மண்டபத்தில் கூட்டம், கடைவீதிக்கு மறுபடி உயிர் வர மாடிகளில் குடியிருக்க அனுமதிக்கலாமா என்று எல்லோரிடமும் கருத்துக் கேட்டார்கள். வாயைத் திறக்கவே கூடாது என்று வழியெல்லாம் அப்பாவுக்குப் பாடம் நடத்தித்தான் கூட்டிப்போனேன். ஒரு அதிகாரி எழுந்து, ஆறு மணிக்கு மேல ஈ காக்கா இல்லாத தெருவுல எவன் சார் குடியிருப்பான், விதியை மாத்தி என்ன ஆகப்போகுது என்றார். அவ்வளவுதான், அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எவன் சொன்னது, எட்டு மாசமா நாங்க அங்கதானே குடியிருக்கோம், எவ்வளவு நல்லா தூக்கம் வருது தெரியுமா என்று முழங்கிவிட்டார். முன்வரிசையில் அந்த ஆய்வாளர். நான் சட்டையைப் பிடித்து இழுத்து அப்பாவை உட்காரவைத்தேன். அப்போது எதிர்க்கடைத் தையற்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து, நாங்களும்தான், மூணு வருஷமா என்றார். அப்புறம் மருந்துக் கடைக்காரம்மா, அப்புறம் மாமியார் சகிதம் போட்டோ ஸ்டுடியோக்காரர். நினைத்துப் பார், எதிரெதிரே விளக்கை மறைத்து உட்கார்ந்துகொண்டு, தெருவில் ஒருத்தருமே இல்லையே என்று பகலில் கூடிக் கூடிக் கவலைப்பட்டிருக்கிறோம்! சிரித்துச் சிரித்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேற்று விதியை மாற்றிவிட்டார்கள். மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்க வேண்டுமாம், முழங்கால்காரருக்கு அதில் பரம சந்தோஷம்.

இன்று காலை ஆய்வாளர் மறுபடி வந்தார், பழக்கதோஷத்தில் பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். அவரும் எங்கள் தெருவில் மாடி அறை பார்த்திருக்கிறாராம். அன்று அப்பா சோதித்த மெத்தையின் முடிவு என்ன என்று முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு கேட்டு, அதே மாதிரி ஒன்று வாங்கிப்போனார்.

போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாதே. எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடி வரட்டும், அப்பாவும் உன் தலையில் கை வைத்ததாக நினைத்துக்கொள். லீவு கிடைத்ததும் வா, பக்கத்து அறை உனக்குத்தான், மெத்தைக்குப் பஞ்சமில்லை. விளக்கு எரிகிற ஜன்னல்தான் நம் வீடு என்று அடையாளம் எழுத நினைத்திருந்தேன். நேற்றுச் சாயங்காலம் அட்டையை எடுத்துவிட்டுத் தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன், அப்படி எழுத முடியாதடி. மறந்துவிடாதே, தெருமுனையிலிருந்து எண்ணிக்கொண்டு வா, ஏழாவது விளக்கு.

இப்படிக்கு,
இனி எதையும் ஒளிக்காத
உன் அம்மா