கீபோர்டில் அண்ணியின் பக்கம்

அண்ணி,

உங்கள் பழைய கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். மற்ற அழுக்கெல்லாம் ஈரத்துணிக்கே வந்துவிட்டது. இடது பக்கத்துக் கீகளில் இருக்கும் மஞ்சள் கறை மட்டும் போகமாட்டேன் என்கிறது. மீனுக்கு மசாலா தடவிய கையைப் பேருக்குக் கழுவிவிட்டு, "ஒரே ஒரு ஆட்டம்" என்று ஓடி வந்து உட்காருவீர்களே, அந்த மஞ்சள். இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். பிறகு இதை எதற்குத் தேய்க்கிறேன் என்று எனக்கே சிரிப்பு வந்து, விட்டுவிட்டேன்.

போன மாதம் அண்ணன் இதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். "எடுத்துட்டுப் போ. இங்க இருந்தா கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு" என்றார். நீங்கள் தவறிப்போனதிலிருந்து அவருடைய பேச்சு அவ்வளவுதான். சிங்கப்பூரில் வேலை முடிந்து எல்லை தாண்டி ஸ்கூடாய் வீட்டுக்கு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் பெரிய கணினி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். எந்த நாட்டுக்காரனோடோ கூட்டுச் சேர்ந்து யாரையோ சுடுகிறார். கூடப் பிறந்தவள் போன் அடித்தால் எடுக்க மட்டும் நேரமில்லை. எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் அண்ணி. இப்படியே அந்த ஹெட்போனுக்குள்ளேயே போய்விடுவாரோ என்று பயம். இன்று மத்தியானம் குளுவாங்கில் என் வீட்டுக்குச் சாப்பிட வருவதாகச் சொல்லியிருக்கிறார். முன்பும் சொல்லிவிட்டு வராமல் இருந்திருக்கிறார். வந்தால்தான் நிச்சயம்.

ஸ்கூடாயில் கிளினிக் வேலை கிடைத்து உங்கள் வீட்டில் தங்க வந்த புதிதில் நான் எவ்வளவு விழித்தேன் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கே உட்காருவதென்றே தெரியாது. சோபா அண்ணனுடைய இடம். சமையலறையில் நின்றால் உங்கள் கைக்கு இடைஞ்சல். அறைக்குள்ளேயே இருந்தால் திமிர் பிடித்தவள் என்று நினைப்பீர்களோ என்று ஒரு கவலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கணினி முன்னாலிருந்து திரும்பி, பக்கத்திலிருந்த ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டீர்கள். "வாம்மா, இந்தப் பக்கம் உக்காரு. அம்புக்குறியெல்லாம் உனக்கு."

அப்படித்தான் எனக்கு அந்த வீட்டில் ஓர் இடம் கிடைத்தது.

விளையாட்டு என்று பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. சுவர்கள் நிறைந்த ஒரு கட்டம். அதில் உங்கள் பச்சை டாங்கி, என் பழுப்பு டாங்கி. குண்டு சுவரில் பட்டுத் திரும்பி வந்து, சுட்டவரையே கொன்றாலும் கொல்லும். ஒரே திரை, ஒரே கீபோர்டு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு இரண்டு பேர். முதல் நாள் நான் என்னையே சுட்டுக்கொண்டு செத்தபோது நீங்கள் சிரித்த சிரிப்பில், வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணன் ஈரக்கையோடு உள்ளே ஓடி வந்தார்.

அவருக்கு நம் விளையாட்டைப் பார்த்தால் இளப்பம். "இன்னுமா அந்தக் காலத்துக் கேம்?" என்று கேட்டுக் கேட்டுச் சலித்து, கடைசியில் கலர் கலராக விளக்கு எரியும் ஒரு கணினியை வாங்கி வந்து இறக்கினார். புது விளையாட்டு ஒன்றை அதில் இறக்கவே அரை நாள் ஆனது. பிறகு பெயர் பதி என்றது, கடவுச்சொல் கேட்டது, புதுப்பிக்க வேண்டும் காத்திரு என்றது. உள்ளே போனால், தினமும் வந்து இன்னின்ன வேலையை முடித்தால்தான் பரிசு என்றது. நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டீர்கள்: "ஃபேக்டரியிலயும் டார்கெட், இங்கயும் டார்கெட்டாங்க? நான் விளையாட வந்தேனா, ஷிப்டுக்கு வந்தேனா?"

"கிராஃபிக்ஸைப் பாரு. புல்லு அசையிறது தெரியுதா?" என்றார் அண்ணன்.

"வாசல்லயும்தான் புல்லு அசையுது. நீங்க வெட்டாம விட்டது." பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "அதெல்லாம் இருக்கட்டும். இதுல நீ எங்க உக்காருவ?"

இவளுக்கும் ஒரு கணினி, ஓர் இணைப்பு, ஒரு ஹெட்போன் வாங்கினால் இவளும் தன் அறையிலிருந்து சேர்ந்து விளையாடலாம் என்று அண்ணன் என்னவோ சொன்னார். நீங்கள் அதற்குள் பழைய கணினியின் சுவிட்சைத் தட்டிவிட்டிருந்தீர்கள். பலர் பழைய விளையாட்டுகளையே தேடிப் பிடித்து ஆடுவது ஏன் என்று கிளினிக்கில் ஒரு பையன் ஒருநாள் பெரிதாக அலசிக்கொண்டிருந்தான். சாதாரணக் கணினியே போதும், இணையம் வேண்டாம், ஒருமுறை வாங்கினால் சரி, சிறு வயது ஞாபகம் என்று அடுக்கினான். எல்லாம் சரிதான். உங்கள் கேள்வி மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

சரி, உங்கள் திருட்டு வேலைக்கு வருகிறேன். தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரமாகப் பார்த்து என் டாங்கி அப்படியே நின்றுவிடும். எந்தக் கீயைத் தட்டினாலும் அசையாது. "அண்ணி, நகர மாட்டேங்குது!" என்று கத்துவேன். "கீபோர்டு பழசும்மா, நான் என்ன செய்றது?" என்று சாவகாசமாகச் சுடுவீர்கள். அதோடு விடுவீர்களா? "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்று ஒரு குத்து வேறு.

நிலக்கடலை கொறித்துக்கொண்டு பின்னால் நின்ற அண்ணன்தான் ஒருநாள் போட்டுக் கொடுத்தார். "திரையை ஏன் பார்க்கிற? அவ விரலைப் பாரு." பார்த்தேன். மூன்று கீகளைச் சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தீர்கள். அந்த மலிவான கீபோர்டில் அப்படிச் செய்தால் மற்றக் கீகள் வேலை செய்யாதாம். கூடம் உண்மையாகவே கோணல்தான்! கையும் களவுமாகப் பிடிபட்டும் உங்கள் முகத்தில் கொஞ்சமாவது வெட்கம்? "அலமாக், தெரிஞ்சுபோச்சா" என்றீர்கள், அவ்வளவுதான். நியாயம் கிடைக்கட்டும் என்று அண்ணன் எத்தனை கீயை அழுத்தினாலும் கேட்கும் உசத்தியான கீபோர்டு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். இரண்டு ஆட்டம் நான் ஜெயித்தேன். பிறகு பழையதை எடுத்து மாட்டியது யார்? நீங்கள் இல்லை, நான்தான். அதற்குள் அந்தத் தில்லுமுல்லை நானும் கற்றுக்கொண்டிருந்தேன். வீட்டு ஆட்களின் குணம் மாதிரி, அதன் கோளாறும் நமக்குப் பழகிவிட்டது.

வாசலில் ஹார்ன் சத்தம். அண்ணன் வந்துவிட்டார், அண்ணி. மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

*

அவர் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகிறது.

நண்டுப் பிரட்டலை இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். சாப்பிட்டு எழுந்தவர், கூடத்து மேசையில் உங்கள் கீபோர்டைப் பார்த்ததும் நின்றார். இதன் கம்பியின் முனை பழைய வட்ட முனை இல்லையா, அதற்கு ஒரு மாற்றி வாங்கி என் மடிக்கணினியில் மாட்டி, நம் டாங்கி ஆட்டத்தையும் ஏற்றியிருந்தேன். கடைக்காரச் சீனர் அதைத் தேடி எடுத்துக் கொடுப்பதற்குள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டார்.

"ஒரு ஆட்டம் போடலாமா அண்ணே?"

"அதெல்லாம் வேணாம் லா."

நான் வற்புறுத்தவில்லை. உட்கார்ந்து சும்மா தட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் பச்சை டாங்கி மூலையில் அப்படியே நின்றது. அதைச் சுட எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது.

"ஏன் இப்படி ஓரமா உக்காந்திருக்க? நடுவுல உக்காரு."

அப்போதுதான் கவனித்தேன். மேசை முழுவதும் எனக்கே இருந்தும் நான் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் காலி.

"அது அண்ணி பக்கம்" என்றேன்.

பிறகு ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. என் இடது தோளில் அவருடைய தோள் இடித்தது. எந்தக் கீயில் சுடுவது என்று அவருக்குத் தெரியவில்லை, அதற்கு அடுத்திருந்த கீயையே தட்டிக்கொண்டிருந்தார். வசமாக மாட்டினார் என்று நான் நெருங்கினேன். என் டாங்கி நின்றுவிட்டது. எதைத் தட்டியும் அசையவில்லை.

அவர் விரல்களைப் பார்த்தேன்.

"கீபோர்டு பழசு லா," என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "நான் என்ன செய்றது?"

சிரித்தோம் அண்ணி. அவர் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று! எனக்குச் சிரித்துக்கொண்டே அழுகை வந்தது. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், கையில் மிளகாய் என்று பொய் சொன்னார். கிளம்பும்போது, கீபோர்டைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம், இங்கயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை நான் வந்து உக்காந்துக்கிறேன்."

உங்களிடமிருந்து எனக்கு வந்தது அந்தப் பக்கமும் அந்தக் கேள்வியும்தான். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும், இதில் இன்னொருத்தர் எங்கே உட்காருவார் என்று முதலில் பார்க்கிறேன். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஓரமாகத்தான் உட்காருகிறேன்.

இன்னொன்று. அண்ணன் நண்டு சாப்பிட்ட கையைச் சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது. அவர் தப்புத் தப்பாகத் தட்டிக்கொண்டிருந்த, நீங்கள் தொடாத அந்தக் கீயிலும் இப்போது மஞ்சள். நான் துடைக்கவில்லை.