லோப்பார் ரத்தம்

ஜூன் 2

ஏரியில் இன்னும் பனிக்கட்டி மிதக்கிறது. நூலகத்துக்கு யாரும் வரவில்லை. அண்ணன் யெஃபிம் கலைமான் மந்தையோடு கிளம்பிவிட்டான். கோடைத் திருவிழாவுக்குத் திரும்புவான். போகும்போது வழக்கமான சண்டை.

அப்பாவின் கல்லைத் திருவிழாக் கண்காட்சியில் வைக்க ஒருவழியாகச் சம்மதித்தான். ஆனால் அட்டையில் 'லோப்பார் ரத்தம்' என்று எழுத வேண்டுமாம்.

"உன்னை ஒருத்தன் லோப்பார்னு கூப்பிட்டா மூக்கை உடைப்ப. கல்லுக்கு மட்டும் அந்தப் பேரா?"

"அப்பா அப்படித்தான் சொல்வாரு. உன் புத்தகப் பேரு வாயிலயே நுழையலடி."

யூடியலைட் — இந்தச் சிவப்புக் கல்லுக்குப் புத்தகங்களில் உள்ள பெயர். எனக்கு நுழைகிறது. லோப்பார் என்பது வெளியார் எங்கள் ஜனத்தை இளக்காரமாக அழைத்த சொல். சண்டையில் செத்த எங்கள் ஆட்களின் ரத்தம் உறைந்து கல்லானதாகச் சுற்றுலாக்காரர்களுக்கு ஒரு கதை வேறு. அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

அப்பாவின் உடலை ஏரி திருப்பித் தரவில்லை. கரையில் கிடந்த பைக்குள் இந்தக் கல் இருந்தது. எங்களுக்குக் கல்லறை என்று இருப்பது இதுதான்.

ஜூன் 9

தேயிலை டப்பாவிலிருந்து கல்லை எடுத்தேன். டப்பாவின் துரு ஏறி, சிவப்பின் மேல் பழுப்புத் திட்டுகள். பக்கத்து வீட்டு ரிம்மா அக்கா எட்டிப் பார்த்தாள்.

"அமிலத்துல போடு, நாஸ்தியா. என் செவ்வந்திக் கல்லெல்லாம் அதுலதான் குளிக்குது. காலையில பாரு, புது மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு நிக்கும்."

ஜாடியையும் அவளே தந்தாள். கொட்டகையில் வைத்திருக்கிறேன். யெஃபிம் அசந்து போவான்.

ஜூன் 10

இல்லை.

இல்லை, இல்லை.

ஜூன் 10, மாலை

காலையில் கொட்டகைக்குப் போய் ஜாடியைத் திறந்தேன்.

ஜாடிக்குள் கூழ். கலங்கலான, நிறமில்லாத கூழ். அதற்குள் கறுப்பு ஊசிகள் அப்படியே இருக்கின்றன, வெள்ளைப் பாறையும் இருக்கிறது. சிவப்பு மட்டும் எங்கே? எங்கே போச்சு? சிவப்பு இருந்த இடமெல்லாம் பள்ளம். கரண்டியால் கூழைத் துழாவினேன் — பைத்தியம், எதைத் தேடினேன்?

"என் கல்லு எதுக்கும் இப்படி ஆனதில்லையே" என்று ரிம்மா அக்கா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் 11

கனிமங்களின் அகராதி. என் நூலகத்தில், நானே தூசி தட்டும் அலமாரியில். யூடியலைட்: கிரேக்கச் சொல். 'எளிதில் கரைவது.' அமிலத்தில் சுலபமாகக் கரைவதால் வைத்த பெயர்.

எத்தனை புத்தகம் படித்திருக்கிறேன். எந்தப் பெயருக்காகச் சண்டை போட்டேனோ, அதன் அர்த்தத்தைப் பார்க்கத் தோன்றவில்லையே எனக்கு!

ஜூன் 17

யெஃபிம் வந்தான். மேஜைமேல் கல். நின்றபடியே கையில் எடுத்தான்.

"என்னடி பண்ணின?"

எல்லாம் சொன்னேன். அவன் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. பள்ளத்துக்குள் விரலை விட்டுக்கொண்டே, "அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு சொன்ன?" என்றான்.

"எளிதில் கரைவது."

"பேரு வச்சவன் அன்னிக்கே கூவி வச்சிருக்கான். உனக்குத்தான் கேக்கல."

அவனுக்காகச் சுட்ட மீன் பணியாரத்தைத் தொடவில்லை. கல்லையும் எடுத்துக்கொண்டு படகுக் கொட்டகைக்குப் போய்விட்டான்.

ஜூன் 19

யெஃபிம் படகுக் கொட்டகையிலேயே படுக்கிறான்.

ஜூன் 21

எங்கள் இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லலாம் என்று கண்காட்சிக்குப் போனேன். கல் அங்கே இருந்தது. யெஃபிம் அதைத் தன் கலைமான் தோல் கையுறைமேல் வைத்திருந்தான். பக்கத்தில் வெற்று அட்டை.

"அட்டை உன் வேலை. எழுது."

பேனாவைத் திறந்தேன். எழுத வரவில்லை. அதற்குள் வெளியூர்ப் பெண் ஒருத்தி குனிந்து, "இது என்ன கல்?" என்றாள்.

யெஃபிம் என்னைப் பார்த்தான்.

"லோப்பார் ரத்தம்" என்றேன்.

"ரத்தம்னா சிவப்பு இருக்கணுமே. காணோமே?"

நான் வாய் திறப்பதற்குள் யெஃபிம் முந்திக்கொண்டான்.

"கரைஞ்சு போச்சும்மா. கரையிற ஜாதிக் கல்லு. இருந்த இடம் பாருங்க" என்று அவளுக்குப் பள்ளத்தைக் காட்டினான். பிறகு இன்னொரு நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினான்.